டிசம்பர் 28 என்னும் ஒரு தாள்



தினசரி காலண்டர் இல்லாத வீட்டைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். மளிகைக் கடையின் பெயரோ நகைக் கடையின் பெயரோ போட்ட அட்டை. அதில் சாமி படம். அதன் கீழே தாள்களின் கட்டு. காலையில் முதலில் எழுகிறவர் நேற்றைய தாளைக் கிழிப்பார். கிழித்த தாளில் பால் கணக்கு எழுதுவார்கள், திருநீறு மடிப்பார்கள். உள்ளங்கையளவுதான் அந்தத் தாள். ஆனால் அதற்குள் எத்தனை கணக்குகள்! நடுவில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத் தேதி. மேலே தமிழ் ஆண்டும் மாதமும். கீழே திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம்.

நம்மிடையே ஒரு நாள் திரும்பி வருவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்கிறோம். இறந்தவருக்குத் திவசம் கொடுக்க மாதமும் பட்சமும் திதியும் பார்க்கிறோம். பள்ளிச் சான்றிதழுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆங்கிலத் தேதி. ஒரே பாட்டிக்கு நட்சத்திரப் பிறந்தநாள் ஒரு நாளிலும் ஆதார் அட்டைப் பிறந்தநாள் இன்னொரு நாளிலும் வரும்.

பத்திரிகைகளில் ‘வரலாற்றில் இன்று’ என்று வரும் பகுதி இந்த மூன்றில் கடைசிக் கணக்கைப் பின்பற்றுவது. இன்ன தேதியில் இன்ன நடிகர் பிறந்தார், இன்ன கப்பல் மூழ்கியது, இன்ன சட்டம் நிறைவேறியது என்று வரிசையாகப் போகும். காப்பி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் செய்திகளுக்குள் உறவு ஏதும் கிடையாது. பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர்கள்போலத்தான். ஆனால் ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, அன்றைய தினம் அந்த இடத்தில் யார் இருந்தார்கள், எத்தனை பேர் இருந்தார்கள், தங்கள் கண்முன் நடந்ததை அவர்கள் என்னவென்று நினைத்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டால் வேறொரு வரலாறு தெரியவரும். இந்த உரை எடுத்துக்கொண்டிருக்கும் தாள், டிசம்பர் 28.

முதலில் பாரிஸ். 1895-ஆம் ஆண்டு, சனிக்கிழமை. நம் கணக்கில் மன்மத ஆண்டு மார்கழி மாதம். புல்வார் தெ காப்புசீன் என்ற அகலமான சாலையில் 14-ஆம் எண் கட்டடத்தில் கிரான் கஃபே என்றொரு காப்பிக் கடை. அதன் நிலவறைக்குப் படியிறங்கிப் போனால் ஓர் அறை. கீழ்த்திசைப் பாணியில் அலங்கரித்திருந்ததால் அதற்கு ‘இந்திய அறை’ என்று பெயர். சினிமா தன் பிறந்தநாளாகக் கொண்டாடும் மாலை, இந்தியாவின் பெயர் தாங்கிய அந்த அறையில்தான் நடந்தது.

ஏற்பாடு செய்தவர் அந்துவான் லூமியேர். லியோன் நகரில் புகைப்படத் தகடு செய்யும் தொழிற்சாலையின் முதலாளி. கருவியை உருவாக்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் ஒகுஸ்தும் லூயியும். அந்த மாலையில் பிள்ளைகள் இருவரும் பாரிஸில் இல்லை, லியோனிலேயே இருந்துவிட்டார்கள். காப்பிக் கடைக்காரரிடம் அந்துவான் வசூலில் நூற்றுக்கு 20 பங்கு தருவதாகச் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் ஒப்பவில்லை. நாளுக்கு 30 பிராங்கு வாடகை போதும் என்றார். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு பிராங்கு. காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் 33 பேர். கணக்கு போட்டுப் பாருங்கள்: வாடகை போக மிச்சம் மூன்று பிராங்கு.

கருவி ஒரு சின்ன மரப்பெட்டி, எடை ஐந்து கிலோ அளவுதான். படம் பிடிப்பது, பிரதி எடுப்பது, திரையில் காட்டுவது என மூன்று வேலையையும் அது ஒன்றே செய்தது. அதன் உள்ளே இருந்த சூட்சுமத்தை லூயி லூமியேர் தையல் மெஷினிலிருந்து எடுத்தார். தையல் மெஷினில் ஊசி மேலே போகும்போது துணி நகர்கிறது, ஊசி இறங்கும்போது துணி நிற்கிறது. அதேபோல இந்தப் பெட்டிக்குள் இரண்டு பல் கொண்ட கொக்கி ஒன்று பிலிமின் ஓரத் துளையில் மாட்டி ஒரு படத்தின் அளவுக்குக் கீழே இழுக்கும். இழுக்கும் நேரத்தில் ஒரு மூடி வெளிச்சத்தை மறைத்துவிடும். பிலிம் நின்றதும் மூடி விலகும், வெளிச்சம் பாயும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற விநாடிக்கு 16 முறை இது நடந்தது. நகர்வதுபோல் தெரியும் படம், உண்மையில் ஒவ்வொரு முறையும் நின்று நின்று காட்டப்பட்ட படம்.

அன்று காட்டியவை பத்துப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாது. பார்வையாளர்களுள் ஜார்ஜ் மெலியெஸ் என்ற மாயவித்தைக்காரர் இருந்தார். சொந்தமாக வித்தை அரங்கம் நடத்தி வந்தவர். முதலில் திரையில் அசையாத தெருக்காட்சி ஒன்று விழுந்ததாம். புகைப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதை அவர் பத்தாண்டுகளாகச் செய்துவந்தவர். இதற்காகவா நம்மைக் கூப்பிட்டார்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தாராம். சொல்லி முடிப்பதற்குள் வண்டி இழுத்த குதிரை ஒன்று திரையிலிருந்து அவரை நோக்கி நடக்கத் தொடங்கியது. பின்னாளில் இதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பத்துப் படங்களில் முதலாவது, லூமியேர் தொழிற்சாலை வேலை முடிந்து தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சி. பெரும்பாலும் பெண்கள். நீண்ட பாவாடை, தலையில் தொப்பி. நடுவே ஒரு நாய் ஓடுகிறது, ஒருவர் சைக்கிளில் வருகிறார். இன்னொரு படத்தில் தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் ஒரு பையன் வந்து குழாயை மிதிக்க, தண்ணீர் நிற்கிறது. அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும்போது பையன் காலை எடுக்க, முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. தோட்டக்காரர் துரத்திப் பிடித்துப் பையனின் பின்புறத்தில் இரண்டு போடுகிறார். சினிமா நகைச்சுவையின் தொடக்கம் அதுதான். மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒகுஸ்தும் மனைவியும் கைக்குழந்தைக்கு ஊட்டும் படம். அதைப் பார்த்தவர்களைக் குழந்தையைவிட, பின்னால் காற்றில் அசைந்த மர இலைகள்தாம் வியக்கவைத்தன என்று சொல்வார்கள். நாடக மேடையில் மனிதர்கள் அசைவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மேடையின் பின்திரையில் வரைந்த மரம் அசைந்ததில்லை.

ரயில் வரும் படத்தைக் கண்டு மக்கள் அலறி ஓடினார்கள் என்ற கதையை அந்த மாலையோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அன்றைய பத்துப் படங்களின் பட்டியலில் அந்த ரயில் இல்லை.

காட்சி முடிந்ததும் மெலியெஸ் கருவியை விலைக்குக் கேட்டார். அந்துவான் மறுத்துவிட்டார். மெலியெஸ் வேறு வழியில் கருவி தேடிக்கொண்டு, 1902-இல் நிலவுக்குப் போகும் கதையைப் படமாக்கினார். நிலவறைக் காட்சி நடந்து இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று பாரிஸின் ‘லா போஸ்த்’ நாளிதழ் ஒரு கருத்தை எழுதியது. இந்தக் கருவி எல்லோர் கைக்கும் வந்து, அன்புக்குரியவர்களை அசைவோடும் பாவனையோடும் பதிந்துவைக்க முடிந்தால், மரணம் அதற்குமேல் முழுமையானதாக இராது என்பது அதன் சாரம். அந்த நிலவறைக் காட்சி எதன் தொடக்கம் என்பதை அந்தப் பெயர் தெரியாத செய்தியாளர் இரண்டே நாளில் தொட்டுவிட்டார்.

அடுத்த ஏழு மாதத்துக்குள், 1896 ஜூலை 7 அன்று, லூமியேர்களின் ஆள் பம்பாய் வாட்சன் ஓட்டலில் படம் காட்டினார். கட்டணம் ஒரு ரூபாய். தமிழகத்தில் இந்தக் கலையை ஊர் ஊராக எடுத்துச்சென்றவர் கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-இல் துய்பாங் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டு, கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த மணலுக்கும் பாரிஸ் நிலவறைக்கும் நடுவே வின்சென்ட்டின் மாட்டுவண்டித் தடம் ஓடுகிறது.

அதே 1895. அதே டிசம்பர் 28. இடம்தான் வேறு: ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரம். அங்கே கூட்டமும் இல்லை, கட்டணமும் இல்லை. ஐம்பது வயதுப் பேராசிரியர் ஒருவர் கையெழுத்துப் பிரதி ஒன்றை அவ்வூர் இயற்பியல் மருத்துவக் கழகத்தின் செயலரிடம் கொடுத்தார். தலைப்பு, ‘ஒரு புதிய வகைக் கதிர்கள் பற்றி’. கொடுத்தவர் வில்ஹெம் ராண்ட்ஜன்.

ஏழு வாரங்களுக்கு முன், நவம்பர் 8 அன்று, இருட்டறையில் கண்ணாடிக் குழாய் ஒன்றில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் முழுக்க மூடியிருந்தார். ஆனாலும் சற்றுத் தள்ளியிருந்த, வேதிப்பூச்சு பூசிய திரை ஒளிர்ந்தது. அட்டையைத் துளைத்துக்கொண்டு ஏதோ வந்திருக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது? கணக்கில் தெரியாத எண்ணுக்கு எழுதும் எழுத்தையே வைத்தார்: எக்ஸ் கதிர். அடுத்த வாரங்களில் ஆய்வுக்கூடத்திலேயே உண்டு உறங்கினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. டிசம்பர் 22 அன்று மனைவி அன்னா பெர்த்தாவை அழைத்து அவர் கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொல்லிக் கதிரைச் செலுத்தினார். தகட்டைக் கழுவியதும் விரல் எலும்புகள் தெரிந்தன. ஒரு விரலில் எலும்பைச் சுற்றி மோதிரம் தொங்கியது.

கிறிஸ்துமஸ் விடுமுறை. கழகத்தின் கூட்டம் நடக்கும் காலமில்லை. கட்டுரையை அவையில் வாசிக்காமலேயே அச்சுக்கு அனுப்பினார்கள். புத்தாண்டு நாளில் ராண்ட்ஜன் அச்சுப் பிரதிகளைப் படங்களோடு சக அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். ஜனவரி 5 அன்று வியன்னா நாளிதழில் செய்தி வந்தது. சில வாரங்களுக்குள் மருத்துவர்கள் முறிந்த எலும்பையும் உடம்பில் தங்கிய குண்டையும் தேட இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு. அவர் காப்புரிமை வாங்கவில்லை. பரிசுப் பணத்தையும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். இன்று அரசு மருத்துவமனை வாசலில் பெரிய பழுப்பு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்க நிற்கும் ஒவ்வொருவரும் அந்தக் கையெழுத்துப் பிரதியின் பயனாளி.

ஒரே நாளில் மனிதக் கண்ணுக்கு இரண்டு புதிய சக்திகள் வந்து சேர்ந்தன. ஒன்று, போன நேரத்தைத் திரும்பப் பார்ப்பது. மற்றொன்று, தோலுக்கு உள்ளே பார்ப்பது. பாரிஸில் இருந்த 33 பேருக்கு வூர்ஸ்பர்க் தெரியாது. வூர்ஸ்பர்க் செயலருக்குப் பாரிஸ் நிலவறை தெரியாது.

பத்தாண்டு பின்னோக்கிப் போவோம். 1885 டிசம்பர் 28, திங்கட்கிழமை, பார்த்திப ஆண்டு மார்கழி. பம்பாயில் கோவாலியா குளத்தருகே கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரி. நண்பகலில் அங்கே 72 பிரதிநிதிகள் கூடினார்கள். இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாடு. உண்மையில் அது புனேயில் நடக்க வேண்டியது. அங்கே காலரா பரவியதால் கடைசி நேரத்தில் பம்பாய்க்கு மாற்றினார்கள். பணி ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரி ஆலன் ஆக்டேவியன் ஹியூம் முன்னின்று கூட்டினார். கல்கத்தா வழக்கறிஞர் உமேஷ் சந்திர பானர்ஜி தலைமை தாங்கினார். தாதாபாய் நவ்ரோஜி, பெரோஸ்ஷா மேத்தா ஆகியோர் வந்திருந்தார்கள். வங்கத்தின் பெரிய தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜி வரவில்லை. அதே வாரம் கல்கத்தாவில் வேறொரு தேசிய மாநாட்டை நடத்திக்கொண்டிருந்தார்.

சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் ஜி.சுப்பிரமணிய ஐயர் முக்கியமானவர். தஞ்சை மாவட்டத்துக்காரர். ஆசிரியர் வேலையில் தொடங்கி, 1878-இல் நண்பர்களோடு ‘தி இந்து’வையும் 1882-இல் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கியவர். காங்கிரஸ் மேடையில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான். இந்திய நிர்வாகம் நடக்கும் விதத்தை விசாரிக்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்று அந்தத் தீர்மானம் அரசைக் கேட்டுக்கொண்டது. ‘சுதந்திரம்’ என்ற கோரிக்கை அதில் இல்லை. ‘வெளியேறு’ என்ற சொல் அந்த மண்டபத்தில் யார் நாவிலும் வரவில்லை. வேண்டுகோள், விசாரணை, நீதி: அவ்வளவுதான் அன்றைய மொழி. நாலு வருடம் கழித்து அவர் தம் விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். அதற்காகச் சொந்தச் சமூகத்தின் புறக்கணிப்பை ஏற்றார். 1904-இல் எட்டயபுரத்து இளைஞர் ஒருவரைச் சுதேசமித்திரனுக்கு உதவியாசிரியராக அழைத்துவந்ததும் அவரே. அந்த இளைஞர் சுப்பிரமணிய பாரதி. பம்பாயில் எழுந்து நின்று ஒரு தீர்மானத்தைப் படித்த மனிதரின் கைவழியே தமிழுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு!

கோவாலியா குளத்தருகே இருந்த மைதானத்துக்கு 57 ஆண்டுகள் கழித்து இன்னொரு நாள் வந்தது. 1942 ஆகஸ்ட் 8. காந்தி அங்கேதான் ‘செய் அல்லது செத்து மடி’ என்றார். 72 பேர் கூடிய இடத்துக்குப் பக்கத்தில் மனிதக் கடல். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பெரிதாகக் கொண்டாடிய நாளை வரலாறு ஒதுக்கிவிட்டு, வேறொரு நாளை எடுத்துக்கொள்வதும் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்கு அருகே டே ஆற்று முகத்துவாரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மைல் நீளத்துக்கு ரயில் பாலம் கட்டினார்கள். 1878-இல் திறப்பு விழா. பிறகு விக்டோரியா மகாராணி அதன் வழியே பயணம் செய்தார். பாலத்தை வடிவமைத்த தாமஸ் பௌச்சுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு. பெரும் புயல். ரயில் ஒன்று பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்தபோது உயரமான கிர்டர்கள் அத்தனையும் ரயிலோடு ஆற்றுக்குள் போயின. பயணிகள் ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் சுமார் 75 பேர். காற்றின் அழுத்தத்துக்குப் போதிய கணக்கு வைக்கவில்லை என்பதும், வார்ப்பிரும்புத் தூண்களில் குறைகள் இருந்தன என்பதும் விசாரணையில் தெரிந்தன. பௌச் அடுத்த ஆண்டே மனமுடைந்து இறந்தார். பக்கத்திலேயே புதிய பாலம் 1887-இல் வந்தது. பழைய பாலத்தின் தூண் அடிகள் இன்றும் நீருக்கு மேல் வரிசையாகத் தலைநீட்டி நிற்கின்றன. ஆற்றிலிருந்து தூக்கிய 224-ஆம் எண் எஞ்சினைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். ‘முக்குளிப்பவன்’ என்று பொருள்படும்படி ரயில்வேத் தொழிலாளர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். 1919 வரை அது ஓடியது.

இன்னும் பழைய டிசம்பர் 28 ஒன்று உண்டு. 1612. இத்தாலியில் கலிலியோ தொலைநோக்கி வழியே வியாழனின் நிலவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இரவும் வியாழனை நடுவில் வரைந்து, இருபுறமும் நிலவுகளைப் புள்ளியாக வைப்பார். அன்று ஓரத்தில் மங்கலான இன்னொரு புள்ளி தெரிந்தது. விண்மீன் என்று குறித்தார். ஒரு மாதம் கழித்து அது சற்று இடம் மாறியதுபோல் இருப்பதையும் குறித்தார். பிறகு வேறு வேலை. அந்தப் புள்ளிதான் நெப்டியூன். 1846-இல் பெர்லின் வானியலாளர் காலே, கணக்கின் துணையோடு அந்தக் கோளைக் கண்டுபிடித்தார். கலிலியோவின் குறிப்பேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது என்பதை 1980-இல்தான் இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். கண்ணால் கண்டு, கையால் குறித்து, 368 ஆண்டுகள் ஏட்டுக்குள் இருந்த கோள்!

தேதிகளை அடுக்கும்போது எச்சரிக்கையும் தேவை. ஷேக்ஸ்பியர், செர்வாந்தேஸ் இருவரின் மறைவுக்கும் 1616 ஏப்ரல் 23 என்ற தேதியே சொல்லப்படும். அந்தத் தேதியை ஒட்டித்தான் உலகப் புத்தக நாள் வந்தது. ஆனால் அப்போது ஸ்பெயின் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து மாறவில்லை. ஒரே தேதியானாலும் இடையே பத்து நாள் வித்தியாசம். அதுபோல, சினிமாவின் பிறந்தநாளும் கல்லில் பொறித்ததல்ல. லூமியேர்கள் 1895 மார்ச் 22 அன்றே பாரிஸில் அழைக்கப்பட்டவர்களுக்குப் படம் காட்டினார்கள். நவம்பர் 1 அன்று பெர்லினில் ஸ்க்லடனோவ்ஸ்கி சகோதரர்கள் கட்டணத்துக்குப் படம் காட்டினார்கள். அமெரிக்காவில் எடிசனின் பெட்டிக்குள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தது அதற்கும் முன்னால். அத்தனைக்கும் பிறகு டிசம்பர் 28 நிலைத்ததற்குக் காரணம், பலர் ஒன்றாக ஓர் இருட்டறையில் காசு கொடுத்து உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்ததும், அந்தக் கருவி அங்கிருந்து உலகம் முழுவதும் புறப்பட்டதும்தான். நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அந்த 33 பேருக்கு அது ஒரு சனிக்கிழமை மாலை.

இனி, நமக்கு மிக அருகில் இருக்கும் டிசம்பர் 28. 2023-ஆம் ஆண்டு, வியாழக்கிழமை, மார்கழி 12. காலையில் சென்னையில் நடிகரும் கட்சித் தலைவருமான விஜயகாந்த் காலமானார் என்ற செய்தி வந்தது.

இந்த நாளின் கனம் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்தது. கோயம்பேட்டில் கட்சி அலுவலகத்தைச் சுற்றிய சாலைகள் மனிதர்களால் நிரம்பின. மறுநாள் உடலைத் தீவுத்திடலில் வைக்க வேண்டியதாயிற்று. அன்று மாலையே அரசு மரியாதையுடன் கோயம்பேட்டில் அடக்கம் நடந்தது. தொலைக்காட்சிகள் ஒரு பக்கம் ஊர்வலத்தைக் காட்டின, மறுபக்கம் அவருடைய படங்களை ஓட்டின. சுவரில் கால் வைத்துச் சுழன்று உதைக்கும் மனிதரும், கண்ணாடிப் பேழைக்குள் கிடந்த மனிதரும் ஒரே திரையில். 1895-இல் அந்தப் பாரிஸ் நாளிதழ் சொன்னது அன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் நடந்தது.

அவர் மதுரைக்காரர். 1979-இல் ‘இனிக்கும் இளமை’யில் அறிமுகம். 1986-இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த ‘ஊமை விழிகள்’ படத்தில் நரைத்த தலையோடு போலீஸ் அதிகாரியாக நடித்தார். முன்னணிக்கு வந்துகொண்டிருந்த கதாநாயகர் அனுபவமில்லாத மாணவர்களை நம்பி வயதான வேடம் போட்டார். கல்லூரியிலிருந்து வருபவர்களுக்குக் கோடம்பாக்கத்தின் கதவு அதன் பிறகு அகலத் திறந்தது. 1991-இல் வந்த நூறாவது படம் ‘கேப்டன் பிரபாகரன்’. ‘கேப்டன்’ என்ற சொல் அப்போது அவரோடு ஒட்டிக்கொண்டது. நடிகர் சங்கத் தலைவராக இருந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைவிழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் கட்சி தொடங்கினார். 2006-இல் விருத்தாசலத்தில் வென்றார். 2011-இல் 29 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவரானார். மறைவுக்குப் பிறகு பத்மபூஷண் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் தேதி உண்டு.

ஆனால் கோயம்பேட்டில் வரிசையில் நின்ற துணை நடிகர்களும் லைட்மேன்களும் ஸ்டன்ட் கலைஞர்களும் மைக்கின் முன் சொன்னது வேறு. படப்பிடிப்பில் நாயகனுக்கு ஒரு சாப்பாடு, தொழிலாளிக்கு ஒரு சாப்பாடு என்றிருந்ததை அவர் ஏற்கவில்லை. தமக்கு வருவதே எல்லோருக்கும் வர வேண்டும் என்று சொன்னார். தியாகராய நகர் ராஜாபாதர் தெரு அலுவலகத்தில் வாய்ப்புத் தேடி வந்தவர் யாரானாலும் பசியோடு திரும்பவில்லை. உதவி இயக்குநர்களாக அங்கே சாப்பிட்டவர்கள் பலர் பிறகு பெயர்பெற்ற இயக்குநர்களானார்கள். அந்தச் சாப்பாட்டை முதன்முதலில் பரிமாறிய நாள் எது? எந்தத் தேதிப் பட்டியலிலும் அது இல்லை. ஒரு மத்தியானம் தொடங்கியிருக்கும், பிறகு வழக்கமாகியிருக்கும். பாரிஸ் மாலைக்கு நாளிதழ்க் குறிப்பு இருக்கிறது, பம்பாய் மாநாட்டுக்கு அறிக்கை இருக்கிறது, வூர்ஸ்பர்க் கட்டுரைக்குப் பிரதி இருக்கிறது. ராஜாபாதர் தெருச் சோற்றுக்கு அதைத் தின்று வளர்ந்தவர்களின் நினைவு மட்டுமே ஆவணம். ‘வரலாற்றில் இன்று’ பகுதியால் தாங்க முடியாத செய்தி அது.

2024 டிசம்பர் 28 அன்று முதலாமாண்டு நினைவுநாளைக் கட்சியினர் குருபூஜையாக நடத்தினார்கள். குருபூஜை வழக்கமாக நட்சத்திரமோ திதியோ பார்த்து வருவது. இந்தக் குருபூஜை ஆங்கிலத் தேதியில் வந்தது. லூமியேர்களின் தாளும் ராண்ட்ஜனின் தாளும் சுப்பிரமணிய ஐயரின் தாளும் எதுவோ, அதே தாள்தான் இப்போது கோயம்பேட்டுக்கும். மதுரையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்து ஏறி வந்தவர்கள் நினைவிடத்துக்குள் போனார்கள். பூவும் கற்பூரமும் ஆனபின் அவர்களை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்.